நாலு அண்டாக் கடலைக்கு எத்தனை கை

தாராவியில் ஒரு வீட்டுக்குப் பட்டப்பெயர் வருவதற்கு ஒரு சாயங்காலம் போதும். அது போவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது. தோல் ஷாப்பில் வேலை பார்த்த அய்யாத்துரையின் வீட்டுக்கு 'பத்தாத வீடு' என்ற பெயர் வந்தது 1946ஆம் வருஷத்து ஆடிக் கடைசி வெள்ளியன்று.

அம்மன் கோவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோவில்தான். ஆனாலும் ஊர் வழக்கத்தை விடாமல், ஆடி மாசத்து ஒவ்வொரு வெள்ளியையும் ஒவ்வொரு வீட்டின் மண்டகப்படியாக ஒதுக்கியிருந்தார்கள். அன்றைய பூஜை, மேளம், வந்தவர்களுக்குப் பிரசாதம் எல்லாம் அந்த வீட்டார் பொறுப்பு. கடைசி வெள்ளி அய்யாத்துரை வீட்டுக்கு. அன்று அவனே அண்டா முன்னால் நின்றுகொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் என்று பாராமல் இரண்டு கையாலும் சுண்டலை அள்ளி அள்ளிக் கொடுத்தான். வாங்கியவர்கள் எல்லாம் "அய்யாத்துரைக்குப் பெரிய மனசு" என்றார்கள். ஆனால் பந்தலின் கடைசி இரண்டு வரிசைக்கு வரும்போது அண்டா காலி. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் வெறுங்கையோடு போனார்கள். அவர்களில் ஒருத்தி கோவில் கமிட்டித் தலைவர் மாசானத்தின் மனைவி கனகவள்ளி. பட்டப்பெயர் அவள் வாயிலிருந்துதான் பிறந்தது.

அதற்குப் பிறகு குழாயடியில் "பத்தாத வீட்டுக்காரி வாரா, தண்ணியாவது பத்துமான்னு பாருங்க" என்பார்கள். அய்யாத்துரையின் மனைவி தங்கமயில் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் வந்ததும் குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் அவள் சிரிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

மறு வருஷம் கமிட்டி கூடியபோது கடைசி வெள்ளியை வேறு வீட்டுக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. தங்கமயில் எழுந்து நின்றாள்.

"இந்தத் தடவ ஒரு கை வெறுங்கையாப் போனாலும், மண்டகப்படிய நாங்களே விட்டுக் குடுத்துருதோம் அண்ணாச்சி. அதுவர எங்க படி எங்களுக்குத்தான்."

மாசானம் தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி எந்தத் தேதியில் வருகிறது என்று அப்போது யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அது ஆகஸ்டு பதினைந்தாக இருந்தது. நாட்டுக்கு விடுதலை கிடைக்கிற நாள்.

அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள்? இதைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வந்தது. "எல்லாருக்கும் சுட்டி, லீவு. ஊரே கோட்டைப் பக்கம் சொதந்தர விளக்குப் பாக்கப் போயிரும், கோவில்ல காக்காதான் இருக்கும்" என்றார்கள் சிலர். "சுட்டின்னாத்தான் சனம் கூடும். மாஹிம்லருந்தும் ஆண்டாப் ஹில்லருந்தும் வரும்" என்றார்கள் சிலர். அய்யாத்துரை கை இரண்டையும் அகல விரித்தான்.

"பத்தாயிரம் பேரு வருவாவ, பாத்துக்கோ."

"பத்தாயிரத்த நீங்க எங்க பாத்திய?" என்றாள் தங்கமயில்.

"பாக்கணுமா? ஒரு பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்கு வாரவனுக்குப் பேச்சத்தான் அள்ளிப் போடணும்."

தங்கமயில் சயான் ஸ்டேஷன் வாசலில் அவித்த கடலை விற்கிறவள். அரிசியும் சர்க்கரையும் ரேஷனில் இருந்த காலம் அது. கடலை மட்டும் அவளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வியாபாரியிடம் கிடைத்தது. இரண்டு மூட்டைக்கு மேல் அவரிடமும் இல்லை. ஆகவே வருகிற கூட்டம் சிறிதானாலும் பெரிதானாலும், இரண்டு மூட்டைக் கடலைதான். முந்தின நாளே ஊறப்போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் கோவிலுக்குப் பின்னால் செங்கல் அடுப்பு கூட்டி, உப்புப் போட்டு அவித்து, கடுகும் வற்றல் மிளகாயும் கருவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ப் பல் தூவி இறக்கியபோது நாலு அண்டா நிறைந்து நின்றது.

அந்த நாலு அண்டாவில் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பரிமாறுவதற்கு எட்டுத் தகரக் குவளைகள் வாங்கி வைத்திருந்தாள், எல்லாம் ஒரே அளவு. முந்தின நாள் குழாயடியில் ஒரு குடத்தை அந்தக் குவளையால் நிரப்பிப் பார்த்திருந்தாள். நூறு குவளை பிடித்தது. ஒரு அண்டாவுக்கு நாலு குடம். நாலு அண்டாவுக்குப் பதினாறு குடம். ஆக ஆயிரத்து அறுநூறு குவளைக் கடலை. ஒரு பக்கத்துக் கணக்கு முடிந்தது. மறுபக்கத்துக் கணக்கான கைகள்தான் இன்னும் தெரியவில்லை.

நாலு மணிக்குச் சாரல் விட்டது. தெருவெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் மூவர்ணக் காகிதக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மேளக்காரர்கள் ஒரு சுற்று வாசித்து முடித்து, டீ குடித்து, மறு சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு மகாதேவன் வேர்க்க விறுவிறுக்க அண்டாப் பக்கம் வந்தார். மாதுங்காவில் குடியிருப்பவர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. வாரத்தில் இரண்டு நாள் தாராவிக்கு வந்து கோவில் கமிட்டியின் நோட்டுப் புத்தகங்களை எழுதிக் கொடுப்பார்.

"அம்மா, கவலையே படாதீங்கோ. எண்ணிட்டேன்! மொத்தம் அறுநூத்திப் பதினாலு பேர். ஆளுக்கு ரெண்டு குவளை தாராளமாக் குடுக்கலாம், மிச்சமே இருக்கும்."

அய்யாத்துரைக்கு முகம் மலர்ந்தது. "கேட்டியா? ரெண்டு குவளையாம்!"

"எப்படி சார் எண்ணினீங்க?" என்றாள் தங்கமயில்.

"வாசல்ல விட்டிருக்கற செருப்பை எண்ணினேன். ஆள் அசைஞ்சுண்டே இருப்பான், செருப்பு அசையாதோன்னோ? எங்க மாதுங்கா கோவில்ல உற்சவத்துக்கு இப்படித்தான் எண்ணுவோம். அஞ்சு பேர்கூடத் தப்பாது."

தங்கமயில் அவர் முகத்தையும் பார்த்தாள், குனிந்து தன் காலையும் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சார், பம்பாய்க்கே செருப்புக்குத் தோலு இங்கருந்துதான் போவுது. ஆனா தோலு பதனிடுதவன் கால்ல செருப்பு இருக்கான்னு பாத்தியளா? எங்க வீட்டுக்காரவுக காலப் பாருங்க."

அய்யாத்துரை ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். கணுக்கால்வரை சேறு.

"இருக்கறவனும் இந்தச் சேத்துக்குப் பயந்து வீட்ல விட்டுட்டு வந்திருப்பான்" என்றாள்.

மகாதேவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! அப்போ என் எண்ணிக்கை வீண்தானா?"

"வீணில்ல சார். செருப்பு போட்டவன் எத்தன பேருன்னு பக்காவாச் சொல்லிட்டீக. போடாதவன் எத்தன பேருன்னுதான் தெரியல. ஒருத்தனுக்கு ஒருத்தனா, ஒருத்தனுக்கு ரெண்டு பேரா? அதப் பாத்துட்டா முடிஞ்சுது."

அவள் அண்டாவிலிருந்து ஒரு பிடி கடலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் காலையும் பார்த்தாள். செருப்புக் காலுக்கு ஒரு கடலை வலது கையில், வெறுங்காலுக்கு ஒரு கடலை இடது கையில். இடுப்புக் குழந்தைக்கும் இடது கையில் ஒன்று போனது.

"குழந்தையையுமா எண்றேள்?" என்றார் கூடவே வந்த மகாதேவன்.

"அதான் சார் மொத ஆளாக் கை நீட்டும்."

இருபது பேர் வந்ததும் எண்ணினாள். வலது கையில் எட்டு. ஒரு தடவை பார்த்தது போதாது என்று இன்னும் இருபது பேரைப் பார்த்தாள், ஏழு. மூன்றாம் இருபதில் ஒன்பது. மூன்றுக்கும் நடுவே எட்டு சரியாக நின்றது. இருபது பேர் வந்தால் அதில் எட்டுப் பேர் செருப்போடு வருகிறார்கள்.

"அப்போ எட்டு ஜோடிக்கு இருபது ஆளு. எம்பது ஜோடிக்கு எரநூறு. நானூறு ஜோடிக்கு ஆயிரம். இன்னும் எரநூறு ஜோடிக்கு ஐந்நூறு. ஆக அறுநூறு ஜோடிக்கு ஆயிரத்தைந்நூறு பேரு."

"பதினாலு ஜோடியை விட்டுட்டேளே?"

"அறுவது பேரப் பாத்துச் சொல்லுத கணக்குல பதினாலு எங்க சார் நிக்கும்? கூட்டத்துல ரெண்டு பேரு தண்ணி குடிக்கப் போனாலே அது போயிரும்."

மகாதேவன் ஆபீஸில் அணா பைசா தப்பாமல் கூட்டுகிறவர். தெரியாத ஒன்றைக் கணிக்கும்போது பொடிக்கணக்கு பார்ப்பது வெறும் அலங்காரம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் தங்கமயிலுக்கு மனசு ஆறவில்லை. செருப்பை ஒளித்து வைத்துவிட்டு வந்தவன் இருப்பான், கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் இருப்பான். ஒரே வழியை நம்பி மானத்தை அடகு வைக்கலாமா? வேறு ஒரு வழியிலும் பார்த்துவிட வேண்டும்.

பந்தலை அண்ணாந்து பார்த்தாள். மூங்கில் கால்களைச் சம தூரத்தில் நட்டிருந்தார்கள். நாலு காலுக்கு நடுவே ஒரு கட்டம். நீளத்தில் பத்துக் கட்டம், அகலத்தில் ஆறு, மொத்தம் அறுபது.

"இந்தாருங்க, அந்த மேளக்கார வண்டி மேல ஏறுங்க" என்றாள் புருஷனிடம்.

"எதுக்குட்டி?"

"சன்னதிப் பக்கத்துல நெருக்கமா இருக்கு பாருங்க, அதுல ஒரு கட்டத்துல மட்டும் தலைய எண்ணுங்க. அள்ளி விடாதிய, எண்ணுங்க."

வண்டிமேல் ஏறிய அய்யாத்துரை விரலை நீட்டி எண்ணினான். "நாப்பது!"

"நடுவுல ஒண்ணு?"

"இருபத்தஞ்சு. ஏ, நம்ம பக்கத்து வீட்டுக்காரன் நிக்கான்! ஏல, எப்ப வந்த?"

"அவனோட சேத்தா, சேக்காமலா?"

"சேத்துத்தான்."

"வெளி ஓரத்துல?"

"பத்து."

கீழே நின்று மகாதேவன் நோட்டில் எழுதினார். நெருக்கமான கட்டங்கள் இருபது இருந்தன. நடுத்தரம் இருபத்தைந்து, ஓரத்தில் பதினைந்து. இருபது நாற்பது எண்ணூறு. இருபத்தைந்து இருபத்தைந்து அறுநூற்று இருபத்தைந்து. பதினைந்து பத்து நூற்றைம்பது. கூட்டிப் பார்த்தவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் குதித்தார்.

"ஆயிரத்தைந்நூத்தி எழுபத்தஞ்சு! அம்மா, கால்லேருந்து எண்ணினா ஆயிரத்தைந்நூறு, தலையிலேருந்து எண்ணினா ஆயிரத்தைந்நூத்தி எழுபத்தஞ்சு! ரெண்டும் கைகோத்துண்டு நிக்கறதே!"

ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு சாட்சிகள் வந்து ஒரே வாக்குமூலம் கொடுத்த மாதிரி இருந்தது தங்கமயிலுக்கு.

"ஆயிரத்தறுநூறுன்னு வச்சுக்கிடுவோம்" என்றாள்.

"ஏன் மேலே தள்றேள்? செருப்புக்குப் பதினாலைக் கீழே தள்ளினேளே?"

"அது வழியில தள்ளுனது சார். இது முடிவு. ஆள எண்ணும்போது கூடப் போச்சுன்னா ரெண்டு குவளை மிஞ்சும், அவ்வளவுதான். கொறையப் போச்சுன்னா ஒரு வீட்டுப் பேரு போயிரும்."

அய்யாத்துரை வண்டியிலிருந்து குதித்தான். "ஆயிரத்தறுநூறு ஆளு, ஆயிரத்தறுநூறு குவளை! அம்மன் அளந்து குடுத்திருக்காட்டி!"

"நிக்கறவுகளுக்குச் சரி. வந்துக்கிட்டே இருக்காவளே, அவுகளுக்கு?"

வாசலில் மகாதேவனின் கைக்கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். நாற்பத்தெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள், ஐம்பது என்று கொண்டார்கள். தீபாராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஐந்து நிமிஷத்துக்கு ஐம்பது என்றால் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு ஐம்பது, அறுநூறு. ஆக இரண்டாயிரத்து இருநூறு. கோட்டைப் பக்கம் போன பயல்கள் பஸ் பிடித்துத் திரும்பி வந்தால் அவர்களுக்கு ஒரு இருநூறு.

"ரெண்டாயிரத்து நானூறு" என்றாள் தங்கமயில். இருப்பது ஆயிரத்து அறுநூறு குவளைதான்.

அய்யாத்துரை அண்டாக்களைப் பார்த்தான். போன வருஷம் அள்ளிக் கொடுத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இப்பவே போயி இன்னும் ரெண்டு மூட்டைக்கு அலையட்டா?"

"கடையெல்லாம் சுட்டி. கெடச்சாலும் எப்ப ஊறி, எப்ப வேகும்? கடலையக் கூட்ட முடியாது. குவளையக் கொறைக்கலாம்." அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "எட்டு நூறு மூணு பங்கு வச்சா ரெண்டாயிரத்து நானூறு. எட்டு நூறு ரெண்டு பங்கு ஆயிரத்தறுநூறு. ஆளுக்கு, மூணுல ரெண்டு பங்கு குவளை."

கோவிலுக்கு எதிர்ச் சந்தில் ரஹ்மத்துல்லாவின் தகரக் கடை. அன்றைக்குக் கடை மூடியிருந்தாலும் அவர் கொடிக்கம்புக்குத் தகரக் குமிழ் அடித்துக்கொடுத்துவிட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எட்டுக் குவளைகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

"பாய், இத மூணுல ஒரு பங்கு வெட்டிக் கொறைக்கணும்."

"புதுக் குவளையவா? என்ன தங்கச்சி, சொதந்தரம் கெடச்ச சந்தோசத்துல இருக்கிற சாமானெல்லாம் வெட்டுறியா?"

"இத வெட்டலன்னா எங்க மானம் வெட்டுப்படும் பாய்."

ரஹ்மத்துல்லா மேலும் கேட்கவில்லை. ஒரு நூலை எடுத்துக் குவளையின் உயரத்துக்கு வைத்து வெட்டினார். நூலை மூன்றாக மடித்தார். இரண்டு மடிப்பு உயரத்துக்கு ஆணியால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே விரலகலம் விட்டுத்தான் கத்தரித்தார். விட்ட அந்த விரலகலத்தை வெளிப்பக்கமாக மடக்கிச் சுத்தியலால் தட்டியதும் வெட்டுவாய் கையைக் கிழிக்காமல் வழவழவென்று ஆகிவிட்டது. பக்கம் நேராக இறங்குகிற குவளை என்பதால் உயரத்தில் மூன்றில் இரண்டு என்றால் கொள்ளளவிலும் மூன்றில் இரண்டுதான். எட்டும் முடிய அரைமணி ஆகவில்லை.

குட்டைக் குவளைகளைப் பார்த்ததும் பந்தலின் பின்பக்கம் சலசலப்பு எழுந்தது. கனகவள்ளி முன்னால் வந்து ஒரு குவளையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தங்கமயிலு, சுண்டலா, சாமி திருநீறா? போன வருசம் பாதிப் பேருக்கு இல்ல. இந்த வருசம் எல்லாருக்கும் பாதியாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யாத்துரை மனைவியின் காதருகே வந்தான். "ஏட்டி, மொதல்ல வாரவுகளுக்காவது குமிச்சுக் குடுப்போமா? பாக்க நல்லாருக்கும்."

"நீங்க அண்டாப் பக்கமே வரப்பிடாது. வரிசைக்குக் கட்டின அந்தக் கயித்தடியில நின்னு, வாங்கினவுகளச் சந்து வழியா அனுப்புங்க." அவள் கனகவள்ளியின் பக்கம் திரும்பினாள். "மைனி, பாதி இல்ல, மூணுல ரெண்டு. நீங்க கடைசி வரிசையில வாங்க. அங்க வந்து இதையே சொல்லுங்க."

மணி அடித்தது. தீபாராதனை. "தாயே" என்று கூட்டம் மொத்தமாகக் கை உயர்த்தியபோது பந்தல் துணியே மேலெழுந்தது போல இருந்தது. யாரோ "ஜெய் ஹிந்த்" என்று கத்தினார்கள். மேளக்காரர்கள் எந்தத் தாளம் போடுவது என்று தெரியாமல், இருக்கிற எல்லாத் தாளத்தையும் ஒன்றாகப் போட்டார்கள்.

எட்டுப் பேர் எட்டுக் குவளையோடு பரிமாறினார்கள். தலைதட்டி ஒரு குவளை, அடுத்த கை. முதல் அண்டா முடிந்தது. இரண்டாவது அண்டாவும் முடிந்தது. அப்போது தங்கமயில் பந்தலை ஒரு பார்வை பார்த்தாள். பாதிக் கடலை போயிருக்கிறது, கூட்டத்தில் பாதி போயிருக்கிறதா? சன்னதிப் பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் காலி, நடுவில் முக்கால்வாசி காலி. பின்னால் தாமதமாக வந்தவர்கள் அடைந்து நின்றார்கள். பாதிக்குக் கொஞ்சம் கூடவே போயிருந்தது. மூன்றாவது அண்டாவை முன்னால் இழுக்கச் சொன்னாள்.

நாலாவது அண்டா பாதியில் இருக்கும்போது தெருமுனையில் கூச்சல் கேட்டது. ஒரு லாரி நிறைய இளவட்டங்கள், தலையில் கொடி கட்டிக்கொண்டு, கோட்டைப் பக்கமிருந்து வந்து நின்றார்கள். பரிமாறுகிறவர்கள் கை அப்படியே நின்றது.

"எத்தன பேரு?" என்றாள் தங்கமயில்.

"நூறு இருக்கும்!" என்று கயிற்றடியிலிருந்து கத்தினான் அய்யாத்துரை. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனாக, லாரியில் ஒரு வரிசையை மட்டும் எண்ணினான். "இல்லட்டி! வரிசைக்கு எட்டு, எட்டு வரிசை. அறுவது, அறுவத்தஞ்சு!"

"அவுகளுக்குன்னுதான் எரநூறு வச்சிருக்கேன். வரச் சொல்லுங்க."

கனகவள்ளி சொன்னபடியே கடைசியில் வந்தாள். கையில் விழுந்த கடலையை நின்றபடியே தின்றாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தாள், உண்மையாகவே யாரும் இல்லை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கெடக்கே!"

"கெடக்கு மைனி."

"அப்ப எனக்கு இன்னொரு குவளை போடு."

தங்கமயில் குமித்துப் போட்டாள். அன்று அவள் தலைதட்டாமல் கொடுத்தது அந்த ஒரு குவளைதான். கனகவள்ளி வாய் நிறைய மென்றுகொண்டே பரிமாறிய பெண்களைப் பார்த்துச் சொன்னாள், "என்னட்டி நிக்கிய? எண்ணுனவளும் போட்டவளும் இன்னும் திங்கல. உக்காருங்க."

அவள் சொன்ன பிறகுதான் அத்தனை பேருக்கும் தெரிந்தது. கூட்டத்தை எண்ணியவர்கள் தங்களை எண்ணவே இல்லை. மிச்சத்தை அளந்தார்கள், எழுபது குவளை. பரிமாறியவர்களும் மேளக்காரர்களும் ரஹ்மத்துல்லாவும் மகாதேவனும் பந்தல் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அய்யாத்துரைக்குத் தங்கமயில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொல்லி, இரண்டும் நிரம்பப் போட்டாள்.

மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "சார், நோட்டுல எழுதுங்க. நாளைக்குப் பத்திரிகைக்கும் குடுக்கணும். ஆடிக் கடைசி வெள்ளி, வந்த சனம் பத்தாயிரம்."

மகாதேவன் பென்சிலைப் பிடித்தபடி தங்கமயிலைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு குவளையில எழுபது மிச்சம்" என்றாள் அவள். "போனது ரெண்டாயிரத்து முந்நூத்தி முப்பது. ரெண்டு தடவ வாங்கினவுக ஒரு முப்பது பேரு இருப்பாவ, ஒருத்தர் இங்கயே இருக்காவ." கனகவள்ளி சிரித்துவிட்டாள். "ரெண்டாயிரத்து முந்நூறுன்னு எழுதுங்க சார்."

"என்ன தங்கச்சி, சொதந்தர நாளு! பத்தாயிரம்னு போட்டா நமக்குத்தான பெரும? எழுதுறதுக்கு என்ன செலவு?"

தங்கமயில் வாயிலிருந்த கடலையை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"செலவு அடுத்த ஆடிக்கு வரும் அண்ணாச்சி. நோட்டப் பாத்துத்தான நான் ஊறப்போடணும்? பத்தாயிரம் பேருக்கு நீங்க வந்து அவிப்பியளா?"

மாசானம் கனகவள்ளியைப் பார்த்தார். கனகவள்ளி மகாதேவனைப் பார்த்தாள்.

"எழுதுங்க சார்" என்றாள் கனகவள்ளி, "அவ சொல்லுதத எழுதுங்க."